துளசிமணியின் நெஞ்சைக் கேட்ட ஊர்

கரண்ட் போய், பனியன் கம்பெனியின் மிஷின்கள் அத்தனையும் ஒரே மூச்சில் அடங்கிப்போன ஒரு புதன்கிழமை முற்பகலில் துளசிமணியின் இதயம் துடிப்பது வெளியே கேட்கத் தொடங்கியது. ஓவர்லாக் நின்றது, பிளாட்லாக் நின்றது, தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்த காற்றாடிகள் தயங்கித் தயங்கி நின்றன, காற்றில் மிதந்த பஞ்சுத் தூசி மெல்லக் கீழே இறங்கியது, அந்த அமைதிக்குள்ளிருந்து டும்டும், டும்டும் என்று ஒரு சத்தம் வந்தபோது ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து டெய்லர்கள் எல்லோரும் பெடலை மிதித்தார்கள். மிஷின் ஓடவில்லை. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த அன்னக்கொடிதான் தன் ஓவர்லாக் மிஷினை விட்டு எழுந்து, மேலே பார்த்து, கீழே பார்த்து, கடைசியில் அந்த லைனின் சூப்பர்வைசரான துளசிமணிக்கு முன்னால் வந்து குனிந்து நின்றாள்.

“யக்கா, ஒங்க நெஞ்சுக்குள்ள இருந்துல்ல வருது.”

துளசிமணி ரவிக்கைமேல் கையை வைத்துப் பார்த்தாள். “ஆமா அம்மிணி. காத்தால இருந்தே ஒரு மாதிரி படபடன்னுதான் இருக்குது.”

“டீ குடிச்சாச் சரியாப்போகும்க்கா,” என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. டீ வருகிற நேரமும் அதுதான் என்பதால் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

டீயால் சரியாகவில்லை. கரண்ட் திரும்பி வந்து மிஷின்கள் மறுபடியும் இரையத் தொடங்கியபோதும் அந்தச் சத்தம் அமுங்கவில்லை, இரைச்சலுக்கு அடியில் தனியாக ஒரு வழி பிடித்துக்கொண்டு ஓடியது. ஏன் இப்படி ஆனது என்று யாரும் அதிகம் ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தால் பதில் கிடைக்காமல் போயிருக்காது. டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்ணாகப் பாவாடை தாவணியில் அந்தக் கம்பெனிக்குள் நுழைந்து, டெய்லராகி, சூப்பர்வைசராகிய துளசிமணியின் வேலை என்பது நடுவில் நிற்பதுதான். மேலே இருந்து வருகிற திட்டு அவள் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும், கீழே இருந்து வருகிற அழுகை அவள் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும், ஆனால் அவள் திட்டையும் கீழே விடாமல் அழுகையையும் மேலே விடாமல் இரண்டையும் விழுங்கிவிட்டு ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிச் சிரிக்கிறவள். வீட்டிலும் அப்படித்தான். வயிறு வலித்தால் ஒண்ணுமில்லை, வாடகை கேட்டு வீட்டுக்காரி பேசிவிட்டுப் போனால் ஒண்ணுமில்லை, சேலத்தில் படிக்கிற மகள் கௌசிகா இரண்டு நாளாய்ப் போன் எடுக்காவிட்டாலும் ஒண்ணுமில்லை. அந்த ஒண்ணுமில்லைகள் எல்லாம் எங்கேதான் போய்ச் சேரும்?

அன்று சாயங்காலம் அவளுடைய புருஷன் சென்னியப்பன் காம்பவுண்டு வாசலில் தன் குட்டியானை லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தெருமுனையில் அவள் திரும்புவதற்கு முன்னாலேயே சத்தம் திரும்பி வந்துவிட்டது.

“என்ன துளசி, கூட ஆரு வர்றாங்க?”

“ஆரும் இல்லீங். எம்பட நெஞ்சுதான்.”

“வலிக்குதா?”

“இல்லீங், ஒண்ணுமில்லீங்.”

அவள் அப்படிச் சொன்ன நொடியில் டும்டும் என்றிருந்தது டுடும் டுடும் என்று தாவி ஓடியது. சென்னியப்பன் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒண்ணுமில்லை என்று சொன்னதெல்லாம் ஒண்ணுமில்லாமல் இல்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் குழாயை அடைத்துவிட்டு உள்ளே போய் அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

காம்பவுண்டில் எதிரும் புதிருமாக இருந்த லைன் வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்துக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். துணி துவைக்கிற பெண்கள் அந்தத் தாளத்துக்கே கல்லில் அடித்தார்கள். கடைசி வீட்டில் பிறந்ததிலிருந்து தூங்காமல் வீறிட்டுக்கொண்டிருந்த கைக்குழந்தையைக் கொண்டுவந்து துளசிமணியின் மடியில் போட்டால் அது கண் சொக்கித் தூங்கியது, அதனால் குழந்தைக்காரி தினமும் பாத்திரம் கழுவுகிற நேரத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்து போட்டாள். மாரியம்மன் கோயில் நோன்புக்குப் பறையடிக்க வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இதில் ஒரு அடி கொஞ்சம் முந்துகிறது அக்கா, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். டவுன் பஸ் கண்டக்டர் அவளைக் கடைசி சீட்டில் உட்காரச் சொன்னார், வண்டியில் ஏதோ கழன்றுவிட்டதென்று டிரைவர் அடிக்கடி நிறுத்திவிடுகிறாராம்.

ஒரு சாவு வீட்டில் மட்டும் அது பெரிய வேதனையாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் இறந்துபோன கணக்குப்பிள்ளைக்கு மாலை போட அவள் குனிந்தபோது, அவருடைய நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது என்று நினைத்து அவருடைய சம்சாரம் ஐயோ உசிரு இருக்குது, உசிரு இருக்குது என்று அலறிக்கொண்டு உடம்பின்மேல் விழுந்து உலுக்கினாள். இல்லை என்று அந்த அம்மாளுக்குப் புரியவைப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு துளசிமணி சாவு வீடுகளுக்குப் போவதில்லை. போகாவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

கம்பெனியில் நடந்ததோ வேறு. அங்கே யாரும் முடிவு செய்யாமலேயே டெய்லர்களின் கால்கள் பெடல்மேல் அவளுடைய நெஞ்சுத் தாளத்துக்கு அமர்ந்துவிட்டன. அவள் நிதானமாக இருந்தால் லைன் நிதானமாகத் தைத்தது. ஒரு நாள் புரொடக்‌ஷன் மேனேஜர் ஜெயசீலன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, கண்டெய்னர் ஒரு நாள் முன்னாடியே வந்துவிடும் என்று சொன்னபோது துளசிமணியின் நெஞ்சு எகிறியது, அதனோடு சேர்ந்து எல்லோருடைய கால்களும் எகிறின, துணி தானாக ஊசிக்குள் ஓடுவதுபோல் ஓடியது, சாயங்காலம் பார்த்தால் பேக்கிங் மேஜையில் இடமில்லாமல் பீஸ் குவிந்து கிடந்தது. ஜெயசீலன் காதில் வைத்த போனில் யாரோ பேசிக்கொண்டிருக்க, அவன் அதைக் கேட்காமல் அவளுடைய நெஞ்சைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஜெயசீலன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்களைக் கண்டும் காணாமல் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவான். சட்டைப்பையில் எப்போதும் வயிற்று எரிச்சல் மாத்திரை வைத்திருப்பான், பேசும்போதே ஒன்றைச் சப்பிக்கொள்வான். அவனுக்கு மேலேயும் ஒருவர் இருந்தார், அவருக்கும் மேலே கடல் தாண்டி யாரோ இருந்தார்கள், பயம் அங்கிருந்து கிளம்பி ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. ஜெயசீலன் அதைத் துளசிமணியின் கையில் கொடுத்துவிடக் கற்றுக்கொண்டான்.

“அக்கா, ஆர்டரைக் கேன்சல் பண்ணீருவாங்க போல.”

“அக்கா, நம்ம லைனை எடுத்துட்டு ஆளுகளை நிறுத்தப்போறாங்களாம், மொதலாளி ரூம்ல பேச்சு ஓடுது.”

ஒவ்வொன்றும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். பிறகு இன்னொன்று வேண்டியிருந்தது, முன்னதைவிடப் பெரியதாக வேண்டியிருந்தது. ஒருநாள் மத்தியானம், சேலத்துக் காலேஜிலிருந்து போன் வந்தது, உங்கள் பெண்ணைப் பற்றித்தான், என்னவென்று சரியாகக் கேட்கவில்லை, லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னான். அன்று அவளுடைய மூன்றாம் லைன் தைத்த வேகத்தைப் பார்க்க மற்ற லைன்காரர்கள் எழுந்து வந்தார்கள். துளசிமணி சாயங்காலம் மகளிடம் பேசி, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொண்ட பிறகும் அந்தத் துடிப்பு இறங்க வெகுநேரமானது.

லைன் பெண்களுக்கு முதலில் தெரியாது. பிறகு சந்தேகம் வந்தது. சந்தேகம் தீர்ந்தபோது அவர்கள் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் பீஸ் கூடினால் கூலியும் கூடியது, வேலை சீக்கிரம் முடிந்து பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது. அன்னக்கொடி மட்டும் ஒருநாள் மாடிப்படியில் ஜெயசீலனை மறித்தாள்.

“சார், பாவம் சார் அந்தக்கா. இப்பிடிப் பயமுறுத்தாதீக.”

“நானென்ன அடிச்சேனா? திட்டினேனா? சேதி சொன்னேன், அவ்வளவுதானே.”

“மாடி ஏறயில மூச்சு வாங்குது சார் அவுகளுக்கு.”

“எனக்கும்தான் வாங்குது,” என்று சொல்லிவிட்டு ஜெயசீலன் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மேலே ஏறினான். அது பொய்யில்லை என்று அன்னக்கொடிக்கே தெரிந்ததால் அவள் விலகி வழிவிட்டாள்.

கழுத்துப் பின்னால் சுரீர் சுரீரென்று வலித்து, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துளசிமணி சுவரைப் பிடித்தபோது, சென்னியப்பன் அவளை வண்டியில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் மெஹருன்னிசா குழாயைக் காதில் வைத்துக்கொள்ளவில்லை. கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, வாசல் தெளிக்கிற ஹோஸ் பைப் இருக்குல்ல? அதுல நாள் பூரா மோட்டாரை முழு வேகத்துல ஓட விட்டா என்ன ஆகும்?”

“விட்டுப்போயிருமுங்க. அங்கங்க வெடிப்பு வுட்டுரும்.”

“உங்க ரத்தக்குழாய் அப்படித்தான் ஆகிட்டிருக்கு. மாத்திரை தர்றேன், ஒரு நாள்கூட விடக்கூடாது. உப்பு, ஊறுகாய், அப்பளம் குறைக்கணும். காலையில நடக்கணும். நல்லாத் தூங்கணும். பதட்டம் வந்தா உட்கார்ந்து மூச்சை மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா விடணும்.” அவர் கொஞ்சம் நிறுத்தினார். “இதெல்லாம் நான் எல்லாருக்கும் சொல்றது. உங்களுக்கு ஒண்ணு கூடச் சொல்றேன். முடியாதுன்னா முடியாதுன்னு வாயைத் திறந்து சொல்லணும். மத்தவங்க பயத்தை எல்லாம் நீங்க வாங்கி வெச்சுக்கக் கூடாது.”

“சரிங்க டாக்டர்,” என்றாள் துளசிமணி. நெஞ்சு தாவியது. டாக்டர் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்தது அவர்களுடைய வாழ்க்கையில் நல்ல காலம். காலையில் இருவரும் குளத்துக் கரையில் நடந்தார்கள், கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சேர்ந்து நடந்தவர்கள் இல்லை, முதலில் அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக நடந்து பிறகு எப்போதென்று தெரியாமல் பக்கம் பக்கமாக நடந்தார்கள். அவர் நாரைகளைக் காட்டிப் பெயர் சொன்னார், பாதிப் பெயர் அவர் வைத்ததுதான். உப்பில்லாத குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி மூச்சை இழுத்து விடும்போது நெஞ்சுச் சத்தம் டும், டும் என்று இடைவெளி விட்டு இறங்கியது, அதைக் கேட்டுக் காம்பவுண்டே இறங்கியது, தண்ணீர்க் குழாயடியில் சண்டை குறைந்தது, தெருநாய்கள் நிழலில் கால் நீட்டிப் படுத்தன, வாடகை கேட்டு வருகிற வீட்டுக்காரிகூட கதவைத் தட்டும்போது மெல்லத் தட்டினாள். கம்பெனியில் ஜெயசீலன் வந்து ஏதாவது சொன்னால், அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றாள்.

அதனால் மூன்றாம் லைன் மெதுவாகத் தைத்தது. வேகமாகத் தைக்க நினைத்தவர்களின் கால்களும் பெடலில் இறங்கவில்லை, அவை அவளுக்கு அவ்வளவு பழகியிருந்தன. பீஸ் குறைந்தது, கூலி குறைந்தது, ஒரு சனிக்கிழமை கவரைப் பிரித்துப் பார்த்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மறுநாள் அவர்கள் கூட்டமாகத் துளசிமணியின் வீட்டுக்கு வந்தார்கள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், நல்லா இருக்குது கண்ணுகளா என்று அவள் சொன்னதற்கு நல்லதுக்கா, நல்லதுக்கா என்றார்கள். அப்புறமும் போகாமல் நின்றார்கள். அன்னக்கொடி கதவோரத்தில் நின்று காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிப்பாட்டிருவோம்கிறாரு அவுக அப்பா,” என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல் தரையிடம்.

அவர்கள் போன பிறகு சென்னியப்பன் ஆப்பிள் பையை எடுத்து உள்ளே வைத்தார்.

“நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத துளசி. அவுங்கவுங்க பொழப்ப அவுங்கவுங்க பாப்பாங்க.”

“ஆமாங்,” என்றாள் அவள். வெளியே குழாயடியில் நின்றவர்கள் அவளுடைய நெஞ்சு தாவியதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

திங்கட்கிழமை அவள் மாத்திரையைப் போடாமல் கம்பெனிக்குப் போனாள். ஜெயசீலன் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. மிஷின் வரிசைக்கு நடுவில் நின்று, கண்ணை மூடி, தன் அப்பா மூத்திரம் அடைத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்திக்கொண்டு கிடந்த நாளை நினைத்துக்கொண்டாள். நெஞ்சு எகிறியது. லைன் எகிறியது. மறுநாள் அதே நாளை நினைத்தபோது பாதிதான் எகிறியது, அடுத்த நாள் எதுவும் வரவில்லை, அப்பாவின் கத்தல் எங்கோ தூரத்து ரேடியோ மாதிரி ஆகிவிட்டது. அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது, ஒரு துக்கத்தை இதற்கு எடுத்தால் அது தீர்ந்துபோகும், திரும்ப வராது என்று. தெரிந்தும் அவள் அடுத்ததை எடுத்தாள். சாயப்பட்டறை மூடி சென்னியப்பன் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த வருஷத்தை எடுத்தாள். கூடப் பிறந்த அக்கா பேசாமலே செத்துப்போனதை எடுத்தாள். மகள் வயசுக்கு வந்த புதிதில் ஒருநாள் பஸ் தவறி இருட்டும்வரை வராததை எடுத்தாள். அவளிடம் அப்படி நிறைய இருந்தது, விழுங்கிய எதையும் அவள் வீணாக்கியிருக்கவில்லை.

காலையில் குளத்துக் கரையில் நடக்கும்போது அவள் முன்னைவிட லேசாக இருப்பதாகச் சென்னியப்பனுக்குப் பட்டது. டாக்டரம்மா சொன்னது வேலை செய்கிறது என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டார்.

ஐப்பசி மாதத்தில் சின்னப் பையன்களுக்கான பனியன் ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் யானைப் படம் போட்ட, கைக்குள் அடங்குகிற சின்னச் சின்னப் பனியன்கள். கண்டெய்னர் வாசலில் வந்து நின்றுவிட்டது, பாதிகூடத் தைத்து முடியவில்லை. அன்று காலை துளசிமணி தேடிப் பார்த்தபோது அவளிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை அவள் யாரிடமும் பேசியதில்லை, சென்னியப்பனிடம்கூட அந்த நாளுக்குப் பிறகு பேசியதில்லை. கௌசிகாவுக்கு முன்னால் பிறந்த சிவகுரு, மூன்று வயதில் ஜுரம் முற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸிலேயே அவள் மடியில் இறந்துபோனவன். அவளுடைய வளையலைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டது அவளுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் சத்தம் போட்டால் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று பயந்து, குழந்தை தூங்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு கடைசி ஸ்டாப் வரை வந்தாள்.

அவள் அந்த யானைப் பனியன் ஒன்றைக் கையில் எடுத்தாள். கண்ணை மூடினாள்.

கட்டடமே அதிர்கிற மாதிரி அடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுத்தன, முதல் லைன், இரண்டாம் லைன், மாடியில் இருந்த அயர்னிங் ஆட்கள் எல்லோருடைய கையும் காலும் அந்த ஓட்டத்துக்குள் விழுந்தன, யாரும் யாரோடும் பேசவில்லை, யாரும் தண்ணீர் குடிக்க எழவில்லை, சாயங்காலச் சங்கு ஊதுவதற்கு முன்னால் கடைசிப் பெட்டியில் டேப் ஒட்டியாகிவிட்டது. ஜெயசீலன் கைதட்டினான். பெண்கள் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்து துளசிமணி கட்டிலில் உட்கார்ந்து சிவகுருவை நினைத்துப் பார்த்தாள். ஒரு பிள்ளை இருந்தான், பஸ்ஸில் இறந்தான் என்று ஞாபகம் வந்தது. வேறு யாரோ சொல்லிக் கேட்டதுபோல் வந்தது. அவள் வளையலைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். நெஞ்சு டும், டும் என்று அமைதியாக, டாக்டரம்மா கேட்டால் மெச்சுகிற நிதானத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“ஏனுங்,” என்று கூப்பிட்டாள். சென்னியப்பன் வந்தார். “நம்ம சிவகுரு முகம் எப்பிடிங் இருக்கும்?”

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாயில் கேட்டு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். காது கொஞ்சம் விடைத்திருக்கும், சிரித்தால் ஒரு கன்னத்தில்தான் குழி விழும், உன்னைப் பேர் சொல்லித் தொளச்சி என்று கூப்பிடுவான், நான் திட்டுவேன் என்று சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். அவள் நல்ல கதையைக் கேட்கிறவள்போல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அழுவதைப் பார்த்தாள். எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று கேட்கிறவள்போல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்தேன் என்பதை அவள் அப்போதுதான் சொன்னாள்.

“வேண்டாம் துளசி. நாளைக்கே நின்னுரு,” என்றார் அவர்.

“இந்த மாசம் முடியட்டுங். சொல்லீட்டு நின்னுக்கறேன்.” அதைச் சொன்னபோது நெஞ்சு தாவவில்லை. உண்மையாகத்தான் சொன்னாள்.

ஆனால் அடுத்த வாரமே இன்னொரு கண்டெய்னர் வந்துவிட்டது. துளசிமணி ஜெயசீலனிடம் போய், என்னிடம் இனி ஒன்றும் இல்லை, என்னால் முடியாது என்று வாயைத் திறந்து சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னாள். ஜெயசீலன் என்னென்னவோ சேதி சொல்லிப் பார்த்தான். அவள் நெஞ்சு அசையவில்லை. அவன் லைனைப் பார்த்து, இன்றைக்கு அனுப்பாவிட்டால் நாளையிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றான். மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். மிஷின்கள் டும், டும் என்று மாட்டுவண்டிபோல் ஊர்ந்தன. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள், பிறகு அன்னக்கொடியைப் பார்த்தார்கள், ஏனென்றால் துளசிமணி நம்புகிற ஆள் அவள்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்னக்கொடி எழுந்து வந்து துளசிமணியின் காதோரம் குனிந்தாள்.

“யக்கா… ஒங்க வீட்டு அண்ணே வண்டி பெருந்தொறை ரோட்டுல கவுந்துருச்சாம்க்கா.”

இதயம் ஓடியது. இதுவரை ஓடியதெல்லாம் நடையென்று ஆகும்படி ஓடியது. கால்கள் பெடலில் பறந்தன, ஊசிகள் பறந்தன. துளசிமணி செருப்பைத் தேடிக்கொண்டே அன்னக்கொடியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் சேதி சொல்ல வந்தவள் அழுகிற அழுகையாக அது இல்லை. பொய் என்று துளசிமணிக்குப் புரிந்துவிட்டது. மனசுக்குப் புரிந்தது நெஞ்சுக்கு எட்டவில்லை, அது திரும்பி வருகிற வழி தெரியாமல் ஓடிக்கொண்டேயிருந்தது. அவள் டாக்டரம்மா சொன்னதுபோல் மூச்சை மெதுவாக இழுத்தாள். விடுவதற்குள் ஒரு அடி தவறியது. ஒரு அடி தவறியபோது எல்லா மிஷினிலும் ஒரு தையல் விட்டுப்போனது. இன்னொரு அடி தவறியது. பிறகு வரிசை வரிசையாக ஊசிகள் துணியைத் தொடாமல் காற்றைக் குத்தின, துளசிமணி நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கி உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தாள். இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது ஜெயசீலன்தான், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் தன் காரிலேயே கொண்டுபோனான், ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை. அடைத்திருந்த ரத்தக்குழாயில் கம்பிவலை வைத்துத் திறந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது இனி வராது, மீதியை வைத்துக்கொண்டு பத்திரமாக இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஜெயசீலன் வார்டுக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான், சென்னியப்பன் உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டியபோது வராமல் போய்விட்டான்.

அவளிடமிருந்து அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. மற்றவர்களுக்கு எப்படியோ அப்படி, உள்ளுக்குள்ளேயே அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த முதல் நாள் காம்பவுண்டு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். கடைசி வீட்டுக் குழந்தை மறுபடி வீறிட்டது. கம்பெனியில் ஸ்பீக்கர் வைத்துப் பறைச் சத்தம் போட்டுப் பார்த்தார்களாம், கால்கள் கேட்கவில்லையாம். மூன்றாம் லைனைக் கலைத்தார்கள். சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள், சிலர் ஊருக்கே போய்விட்டார்கள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் அன்னக்கொடி வந்தாள். சென்னியப்பன் சவாரிக்குப் போயிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தாள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஊருக்குக் கெளம்புறேன்க்கா. மகளையும் கூட்டிக்கிட்டு.”

“நல்லபடியாப் போய்ட்டு வா அம்மிணி. படிக்கிறாளா?”

“இல்லக்கா. நிப்பாட்டியாச்சு.”

பிறகு அன்னக்கொடி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“எம்மேல கோவமாக்கா?”

“இல்ல கண்ணு.”

அன்னக்கொடி காத்திருந்தாள். தாவுமா, தாவாதா என்று பழக்கத்தில் காது கொடுத்துக் காத்திருந்தாள். வெளியே யாரோ குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

“கேட்டுப் பாக்கட்டுமாக்கா?” என்றாள்.

துளசிமணி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்னக்கொடி முழங்காலில் எழுந்து, பழத்தைத் தரையில் வைத்துவிட்டு, அவளுடைய மார்பில் காதை வைத்தாள். சேலைக்கும் எலும்புக்கும் அப்பால் எங்கேயோ ஒரு சத்தம் மெலிதாக வந்துகொண்டிருந்தது, யாருடையதாகவும் இருக்கக்கூடிய ஒரு சத்தம், அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவள் காதை எடுக்காமல் அழுதாள்.

துளசிமணி தன் நெஞ்சுமேல் கிடந்த அந்தத் தலையைப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரிந்தது, தெருவுக்குத் தெரியவில்லை, இந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. இரக்கமும் இருந்தது. எது பெரிது என்று அவள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தடவிக்கொடுக்கத் தூக்கிய கை பாதியில் நின்றது. அன்னக்கொடி அழுது முடித்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வர்றேன்க்கா என்று சொல்லிச் செருப்பை மாட்டித் தெருமுனை திரும்பிப் போகிறவரையிலும் அவள் அந்தக் கையை எங்கேயும் வைக்கவில்லை.